மூலமும் உரையும்

சிறுப்பிட்டி தந்த பெருமகனார் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார் என்பதை நம் மூத்தோர் நன்கறிவர். ஏட்டுச் சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, அவர் பட்ட பாட்டை ஈண்டு விரிக்கப் புகின் இம்மலர் முழுவதும் போதாது. நாம் எடுத்துக்காட்ட விழைவது ஒன்றே. அச்சு வருமுன் ஒரு நூலைக் கற்க விரும்பியவன் அதன் மூலத்தைத் தன் கண்ணாற் கண்டான். வேண்டின் தன் கையால் ஏட்டிற் படியெடுத்தான். உரையாசிரியர் கூற்றைக் கேட்டான். விளங்காதவிடத்து மீண்டும் மூலத்துக்கே திரும்பினான். மூலத்தைப் பெட்டியிற் பூட்டி வைத்துக்கொண்டு, "நூலின் பயனை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஊரார் அவரைப் பித்தர் என்றே கொண்டிருப்பர்.

நம் காலத்திலோ, அவ்வாறு பூட்டி விற்கப்படும் ஒன்றை நாம் நாள்தோறும் விலை கொடுத்து வாங்குகின்றோம். கணினியை இயக்கும் செய்நிரலைத்தான் சொல்கின்றோம். மனிதர் எழுதும் நிரல் வடிவத்துக்குத் தமிழில் மூலநிரல் என்று பெயர். பெயரிட்டவர் யாரோ, நன்றாகவே இட்டார். அந்த மூலத்தைப் படித்துக் கணினியின் உள்வேலையைத் தாமே கற்றுக்கொண்டவர்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். அது நியூ ஜேர்சியிலே தொடங்கி, சிட்னி, அம்ஸ்ரடாம், ஹெல்சிங்கி என்று சுற்றி, வெள்ளவத்தையில் எம் வீட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது.

இயங்குதளம் என்பது யாது? நம் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்று கூறும். ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்க. சமையற்காரர் ஒருபுறம், மேளகாரர் ஒருபுறம், பந்தி விசாரிப்போர் ஒருபுறம். அங்கே முன்னின்று நடத்தும் ஒரு பெரியவர் இருப்பார். அவர் சமைப்பதும் இல்லை, நாயனம் வாசிப்பதும் இல்லை. ஆயினும் அடுப்பு இப்போது யாருக்கு, களஞ்சிய அறைத் திறப்பு யார் கையில், எந்தப் பந்தி முதலில் என்பதெல்லாம் அவர் வாயிற் பிறக்க வேண்டும். அவர் ஒரு நாழிகை கண்ணயர்ந்தால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் இடறுவர். கணினிக்குள்ளே அப்பெரியவரின் வேலையைச் செய்யும் நிரல்தான் இயங்குதளம். அதன் நடுப்பகுதியைக் கரு என்பர்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன் என்பவர், பிறர் அதிகம் கவனியாத பி.டி.பி.-7 என்னும் சிறு கணினி ஒன்றிலே யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். டெனிஸ் றிச்சி அவரோடு சேர்ந்தார். 1973இல் அதனைச் சி என்னும் புதிய நிரல்மொழியில் மாற்றி எழுதினர். 1974 ஜூலையில் அவ்விருவரும் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. பல்கலைக்கழகங்கள் அதைப் படித்துவிட்டு, எங்களுக்கும் ஒரு பிரதி தருக என்று கேட்கலாயின.

இங்கே விந்தையான ஒரு சட்டச் சிக்கல் உதவிக்கு வந்தது. பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.ரி.அன்ட்.ரி. என்னும் தொலைபேசி நிறுவனம், அமெரிக்க அரசோடு 1956இல் செய்துகொண்ட உடன்பாட்டினாற் கணினி வாணிகத்தில் இறங்க முடியாதிருந்தது. ஆகவே சிறு கட்டணம் பெற்று மூலநிரலோடு சேர்த்தே பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. பழுது வந்தால் வந்து பார்ப்போம் என்று உறுதி கூறவில்லை. பிழை கண்டவன் தானே மூலத்தைத் திறந்து திருத்திக்கொள்ள வேண்டியதுதான். திருத்தத்தை அடுத்த பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி வைத்தான். உதவிக்கு ஆளில்லாமையே பலரை அறிஞராக்கிற்று என்றால் மிகையன்று. இன்று ஒன்று பழுதானால் நம் பிள்ளைகள் முதலிற் செய்வது கடைக்குக் கொண்டு ஓடுவது. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை, கடைக்காரரும் பிழைக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவிலே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்றொரு ஆசிரியர் இருந்தார். இயங்குதளம் பற்றிய பாடத்தை வெறும் கோட்பாடாகவும் படங்களாகவும் கற்பிப்பதில் அவருக்கு நிறைவில்லை. யுனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அதன் கரு ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரிகள். ஒரு மனிதன் ஒரு பருவகாலத்திற் படித்து முழுவதும் மனத்தில் வைத்திருக்கக்கூடிய அளவு. லயன்ஸ் அவ்வரிகளுக்கெல்லாம் எண்ணிட்டு ஒரு நூலாகவும், வரி வரியாக விளக்கம் எழுதி மற்றொரு நூலாகவும் ஆக்கி, 1976ஆம், 1977ஆம் ஆண்டுகளில் மாணவருக்குக் கொடுத்தார். மூலம் ஒரு நூல், உரை ஒரு நூல்! நச்சினார்க்கினியர் பெயரை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் கற்பிக்கும் வழி ஒன்றுதான் போலும்.

அம்மூலத்திலே 2238ஆம் வரியில் ஒரு குறிப்பு உண்டு. உலகெங்கும் கணினி கற்றோர் அதனை இன்றும் நகைத்துக் கூறுவர். ஒரு பணியை நிறுத்தி வேறொரு பணிக்கு மாறும் இடம் அது. படிப்போர் இவ்விடத்தை விளங்கிக்கொள்வர் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்ற கருத்தில் எழுதியவர்களே ஒரு குறிப்பைச் செருகி வைத்தனர். பலர் இதனை அகந்தை என்று எண்ணினர். பிற்காலத்தில் றிச்சி அவர்கள் தாமே காரணம் கூறினார். பரீட்சைக்கு இது வராது என்று ஆசிரியர் சொல்வது போன்ற நோக்கிலேதான் எழுதினராம். அதற்கும் மேலாக, அங்கே நடப்பது தமக்கே சரிவர விளங்கியிருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஓரிடத்திற் சேமித்த நிலையை வேறொரு இடத்திலிருந்து மீட்டெடுக்கும் அவ்வுபாயம் பி.டி.பி.-11 கணினியில் ஓடியது தற்செயல். வேறொரு வகைக் கணினிக்கு யுனிக்ஸைக் கொண்டு சென்றபோது அது முறிந்தது. அதன் பின்னரே பிழை புலப்பட்டது. எழுதியவனுக்கே புரியாத இடத்தை எழுதியவனே ஒப்புக்கொள்வது பெருந்தன்மை. நம் உரையாசிரியர்களிலும் ஓரிடத்திலே ஐயம் என்று விட்டுச் சென்றவரையே நாம் மிகுதியாக நம்புகின்றோம் அன்றோ?

நல்ல காலம் நீடிக்கவில்லை. யுனிக்ஸ் பணம் தரும் பொருள் என்பதை நிறுவனம் கண்டுகொண்டது. 1979இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, அதன் மூலநிரலை வகுப்புகளிற் கற்பிக்கலாகாது என்று உரிமத்திலே விதி சேர்ந்தது. லயன்ஸின் உரைநூலும் உரிமம் பெற்றோர் மட்டுமே வைத்திருக்கத்தக்கது. அடுத்து நடந்ததை நம் நாட்டு மாணவர் எவரும் ஊகிப்பர். கடந்தகால வினாத்தாளைப் படியெடுத்துப் படியெடுத்து, எழுத்து மங்கி, ஓரம் வெட்டுண்டு, முன்னிருந்தவர் பேனையால் இட்ட அடிக்கோடும் சேர்ந்து அச்சாகிய தாளிலிருந்து படித்தவர் நாம் அல்லவா? லயன்ஸின் நூலும் அப்படியே நிழற்படிகளாக நாடு விட்டு நாடு சென்றது. படியின் படியின் படி. எழுத்து வாசிக்க முடியாத அளவுக்கு மங்கிய பிரதியை வைத்திருந்தவர், தாம் மூல ஊற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கின்றோம் என்பதையும் அதிலிருந்தே அறிந்துகொண்டார். முறைப்படி அந்நூல் அச்சாகியது 1996இல்தான். லயன்ஸ் அவர்கள் 1998 டிசெம்பரிற் காலமானார். தம் நூல் வெளிப்படையாக விற்கப்படுவதைக் கண்டுவிட்டே கண் மூடினார் என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆறாம் பதிப்பின் மூலநிரல் 2002 ஜனவரியில் எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தின் கீழ் வந்தது.

வகுப்பிற் கற்பிக்கக் கூடாது என்ற தடை ஒல்லாந்து நாட்டிலே ஒருவரைச் சினமூட்டியது. அம்ஸ்ரடாமில் வ்ரியே பல்கலைக்கழகத்து ஆசிரியர் அன்ட்றூ தனென்பாம், யுனிக்ஸ் போலவே நடக்கும், ஆனால் ஏ.ரி.அன்ட்.ரி.யின் ஒரு வரியும் கலவாத இயங்குதளம் ஒன்றைத் தாமே எழுதி மினிக்ஸ் எனப் பெயரிட்டார். 1987இல் வெளிவந்த அவரது பாடநூலின் பின்னிணைப்பாக அதன் மூலம் அச்சாகியது. அந்நூலை 1990ஆம் ஆண்டுக் கோடையிற் படித்த பின்லாந்து இளைஞர் லினஸ் தோர்வால்ட்ஸ், 1991 ஜனவரியில் 386 வகைக் கணினி ஒன்றை வாங்கினார். வயது இருபத்தொன்று.

இளைஞர்கள் இங்கே சற்று நிதானித்துக் கேட்க வேண்டும். லினக்ஸ் எனும் இயங்குதளத்தை எழுதுவோம் என்று அவர் உட்காரவில்லை. தம் புதிய கணினியின் உள்ளே என்ன இருக்கின்றது என்று அறிய விரும்பினார், அவ்வளவே. முதலில் இரண்டு சிறு பணிகளை எழுதினார். ஒன்று 'ஏ' என்ற எழுத்தைத் திரையிற் காட்டிக்கொண்டேயிருக்கும்; மற்றது 'பி' என்ற எழுத்தை. இரண்டும் மாறி மாறி ஓடுகின்றனவா என்று பார்த்தார். ஓடின. பின்னர் பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியே தொடர்பு கொள்ளும் நிரலாக அதனை வளர்த்தார். அங்கிருந்து கோப்புகளை இறக்க விரும்பியதால் வன்தட்டைக் கையாளும் பகுதி தேவைப்பட்டது. வன்தட்டு வந்ததும் கோப்புமுறை தேவைப்பட்டது. ஒருநாள் தொலைபேசித் தொடர்புக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கே அனுப்பி, அதிலிருந்த மினிக்ஸை அழித்துவிட்டார். (இந்நிகழ்ச்சியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.) 1991 ஓகஸ்ட் 25ஆம் நாள் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். செப்டெம்பரில் வந்த முதற் பிரதி ஏறத்தாழப் பத்தாயிரம் வரி. அதில் விசைப்பலகை பின்லாந்து மொழிக்கு மட்டுமே அமைந்திருந்தது. தம் வீட்டு வேலைக்கு எழுதியவர் தம் வீட்டு மொழியைத்தான் முதலில் வைப்பார். 1992 ஜனவரியில் தனென்பாம் அவர்கள் லினக்ஸின் அமைப்பே பழம்போக்கு என்று கண்டித்தார். மாணவர் நிலையிலிருந்த தோர்வால்ட்ஸ் காரமாக விடையிறுத்தார். அவ்வாதம் இங்கே வேண்டாம். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே லினக்ஸ், றிச்சாட் ஸ்டோல்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழ் வந்தது. மூலத்தைப் படிக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். ஆனால் பெற்றுக்கொண்டவனுக்கு அவ்வுரிமையை மறுக்கலாகாது என்பதே அவ்வுரிமத்தின் சாரம். 1983இல் ஸ்டோல்மன் குனூ என்னும் முயற்சியைத் தொடங்கியபோது அவருடைய வழக்கும் மூலம் பூட்டப்படலாகாது என்பதுதான்.

இலங்கைக்கு வருவோம். லினக்ஸ் நம் நாட்டுக்கு வந்த நாளிலே இணையத் தொடர்பு தொலைபேசிக் கம்பி வழியே நத்தை போல் வரும். ஓர் இயங்குதளத்தை இறக்குவதென்பது நினைத்தும் பார்க்க முடியாதது. ஆகவே இறுவட்டுகளாகவே அது கைமாறிற்று. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலே பூட்டிய மென்பொருள்களின் திருட்டுப் பிரதிகளை அடுக்கி விற்ற காலத்தில், படியெடுப்பது குற்றமாகாத ஓர் இறுவட்டு உண்டு என்பதே பலருக்குப் புதுமையாயிருந்தது. உபுந்து என்னும் லினக்ஸ் வகையை வெளியிட்டோர், கேட்டவர் எந்நாட்டில் இருந்தாலும் இறுவட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பி வந்தனர். அவ்வழக்கம் 2011இல் நின்றது. எமக்கும் ஒன்று வந்தது. வெளிநாட்டு முத்திரையோடு வந்த உறையைக் கண்டு, விசாக் கடிதம் என்று எண்ணி அயலவர் வாழ்த்துக் கூறினர்.

கொழும்பிலே லங்கா லினக்ஸ் பயனர் குழு என்ற பெயரில் ஆர்வலர் கூடி ஒருவருக்கொருவர் கற்பித்து வந்தனர். 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் தோன்றிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருளையும் பதிந்து ஒழுங்குபடுத்த, இந்நாட்டு மென்பொருளாளர் சில வாரங்களுக்குள் சஹானா என்ற நிரலை எழுதிக் கொடுத்தனர். லினக்ஸும் அதனோடு கூடிய திறந்த மூலக் கருவிகளும் அதன் அடித்தளம். அடுத்த ஆண்டு பாகிஸ்தானிய நிலநடுக்கத்திலும் பின்னர் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அந்நிரல் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஸ்டோல்மன் நிறுவிய அமைப்பே அதற்கு வழங்கிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இத்துறையிற் பெயர் பெற்றது. கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகின் எப்பல்கலைக்கழகத்தையும்விட மிகுதியான மாணவர் அங்கிருந்தே சென்றனர்.

தமிழுக்கு இதனால் என்ன என்று ஒரு முதியவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. லினக்ஸ் கணினியிலே கிழமைகளின் பெயர் என்ன, திகதியை எவ்வரிசையில் எழுதுவது, நாணயக் குறி யாது என்பவற்றைச் சொல்லும் கோப்புகள் நாட்டுக்கு நாடு, மொழிக்கு மொழி உள்ளன. தமிழுக்கு இந்தியாவுக்கென ஒன்றும் இலங்கைக்கென ஒன்றும் உண்டு. அவை பூட்டப்பட்டவை அல்ல. எவரும் திறந்து படிக்கத்தக்க எழுத்துக் கோப்புகள். இலங்கைத் தர நியமத்தில் இடம்பெற்ற றெங்கநாதன் விசைப்பலகையும் அவ்வாறே ஒரு கோப்பாக உள்ளது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரி வரியாக எழுதப்பட்டிருக்கின்றது. நம்மவர் ஒருவர் பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். பெரு நிறுவனம் ஒன்றின் பூட்டிய இயங்குதளத்திலே தமிழ் எழுத்துப் பிழையாகத் தெரிந்தால் விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்லாந்து இளைஞர் தம் விசைப்பலகையை முதலில் வைத்தாரே, அந்த உரிமை நமக்கும் உண்டு என்றோம். முதியவர் தலையசைத்தார். முழுவதும் ஒப்பினாரா என்பது தெரியவில்லை.

இனி எம் சொந்த முயற்சியைக் கூறுவாம். லினக்ஸின் மூலம் இன்று மூன்று கோடி வரிகளுக்கும் மேற்பட்டது. தொடக்கக்காரன் அதனுள் இறங்கினால் கரை காணான். ஆகவே அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆசிரியர்கள் 2006இல், லயன்ஸ் உரை எழுதிய அதே ஆறாம் பதிப்பை இக்காலக் கணினிக்கு ஏற்பத் திருப்பி எழுதி, எக்ஸ்வி6 எனப் பெயரிட்டனர். பத்தாயிரத்துக்குக் குறைந்த வரிகள், உடன் ஓர் உரைநூல், இரண்டும் இலவசம். கனடா சென்ற உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற பழைய கணினியில், சங்கத்து இளைஞர் இருவரோடு நாம் இரவு தோறும் அதனைப் படிக்கத் தொடங்கினோம். ஆசிரியர் இல்லை. ரியூசன் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் தம்பிக்குக் கடைசி பஸ் போய்விடும் என்பதே எங்கள் மணியோசை.

யுனிக்ஸின் உள்ளே ஒரு குடும்பமே இருக்கின்றது. ஒரு பணி மற்றொன்றைப் பெறுகின்றது. பெற்றது தாய், பிறந்தது சேய். சேய் முடிந்துபோனால் அதன் பெயர் உடனே பதிவிலிருந்து அகல்வதில்லை. தாய் வந்து, அது எவ்வாறு முடிந்தது என்று கேட்டுப் பெற்றுக்கொள்ளும்வரை உயிரின்றி இடத்தைப் பிடித்திருக்கும். அதற்கு நடைப்பிணம் என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்துள்ளனர். தாய் முன்னரே முடிந்துவிட்டால் அநாதையாகிய சேயை முதலாம் எண் கொண்ட பணி தத்தெடுத்து அக்கடனைச் செய்யும். "அந்தியேட்டி முடியாவிட்டால் அலையும் என்கிறீர்கள்" என்றார் எம் தாயார், அறைக்குள் தேநீர் கொண்டுவந்தவர். இதைவிடச் சுருக்கமாக எந்நூலிலும் நாம் கண்டதில்லை.

கோப்புகளின் அமைப்பு எம்மை மிகவும் கவர்ந்தது. கோப்பின் பெயர் ஓரிடத்தில்; கோப்பின் உள்ளடக்கம் வேறோரிடத்தில். கோப்புறை என்பது பெயரும் எண்ணும் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே. ஆதலால் ஒரே கோப்புக்கு இரு பெயர் இருக்கலாம். கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கும் தெருவை ஒருவர் 57ஆம் ஒழுங்கை என்பார், ஒருவர் உருத்திரா மாவத்தை என்பார், கட்டடம் ஒன்றே. ஒரு பெயரை அழித்தாலும் கட்டடம் இருக்கும். கடைசிப் பெயரும் போன பின்னரே இடம் பிறருக்கு உரியதாகும். அப்போதும், வேறொருவர் வந்து குடியேறும்வரை பழைய சுவர்கள் அப்படியே நிற்கும்.

2238ஆம் வரிக்கும் போய்ச் சேர்ந்தோம். எக்ஸ்வி6 அந்த இடத்தைத் தெளிவாக மாற்றி அமைத்திருக்கின்றது. பழைய பணியின் 14 பதிவகங்களைச் சேமித்து, புதிய பணியின் 14 பதிவகங்களை ஏற்றி, திரும்பு என்ற ஒரு கட்டளை, மொத்தம் 29. திரும்பும்போது வேறொருவராய்த் திரும்புகின்றோம் என்பதே அதன் சூட்சுமம். இது எமக்கு விளங்க ஒன்பது இரவுகள் சென்றன. தாளிற் பெட்டிகள் கீறி, காசுகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். விளங்கிய இரவு கொட்டாஞ்சேனைத் தம்பி பஸ்ஸைத் தவறவிட்டு இங்கேயே படுத்துக்கொண்டார்.

அதன்பின் செருக்கு வந்தது. சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் எம்மிடம் ஒரு வெளித்தட்டைக் கொடுத்து வைத்திருந்தார். அவர் குடும்பத்தாரின் பழைய புகைப்படங்கள் நானூறுக்கு மேல் அதில் இருந்தன. 1960களில் கொழும்பு ஆடிவேல் ஊர்வலம், கலியாணங்கள், வெள்ளவத்தைக் கடற்கரை. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே இவ்வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் படங்கள் வீட்டோடு எரிந்தன. இவை மட்டும் முன்னரே இலண்டன் சென்றிருந்தமையால் தப்பின. அங்கே படியெடுத்த பின் காகிதப் படங்கள் வீடு மாறுகையிற் காணாமற் போயின. இம்மலருக்காகச் சிலவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டியது எம் பொறுப்பு. ஒரு மாலையில், நண்பர் ஒருவருக்காக லினக்ஸைப் பென் டிறைவ் ஒன்றிலே பதியப் போய், கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றி அடித்து, அந்த வெளித்தட்டின்மேலே பதிந்துவிட்டோம். அரை நிமிடத்திற்குப் பின்னரே கண்டோம். தோர்வால்ட்ஸின் கதையை நூறு முறை சிரித்துச் சொன்ன வாய் அன்று உலர்ந்தது.

தட்டைத் திறந்தால் வெறுமை. கடையில் ஒருவர் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய இயலாது என்றார். நாமோ அந்த ஒழுங்கையை நினைத்தோம். அழிந்தது தட்டின் முற்பகுதி. பெயர்ப் பட்டியல் இருந்தது அங்கேதான். மிகுதி இடத்தில் எவரும் குடியேறவில்லை. சுவர்கள் நின்றிருக்க வேண்டும். முதலில் அத்தட்டில் எதையும் எழுதாது, முழுவதையும் வேறொரு தட்டிற் படியெடுத்தோம். ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று எண்களோடு தொடங்கும். தட்டின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை அம்மூன்றையும் தேடிச் செல்லும் சிறு நிரல் ஒன்றை இளைஞர் இருவரும் எழுதினர். முதற் படம் திரையில் எழுந்தது நள்ளிரவுக்குப் பின். ஒரு சிறுமி, இரட்டைப் பின்னல், பின்னால் கடல். இதே வேலையை ஃபோட்டோறெக் என்ற திறந்த மூல நிரல் எம்மைவிடத் திறமாகச் செய்யும் என்று மறுநாள் கண்டு, எஞ்சியவற்றை அதனைக் கொண்டே மீட்டோம். முற்பகுதியிலிருந்த முப்பதோ நாற்பதோ படங்கள் போனவை போனவைதான். அதனை அவரிடம் மறைக்கவில்லை.

படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. யாருடைய கலியாணம், எந்த ஆண்டு என்றெல்லாம் கோப்பின் பெயரிலேதான் எழுதியிருந்தனர்; அப்பட்டியல் அழிந்துவிட்டது. இப்போது இருப்பவை வெறும் எண்கள். ஆகவே ஞாயிறு தோறும் அம்முதியவரும் அவர் தமக்கையாரும் சங்கத்துக்கு வந்து திரைக்கு முன்னே அமர்கின்றனர். ஒருவர் பெயர் சொல்ல ஒருவர் மறுப்பார். பிறகு இருவரும் சேர்ந்து வேறொரு பெயருக்கு வருவர். கொட்டாஞ்சேனைத் தம்பி அருகிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எழுதி வருகின்றார். அவர் காணாத கொழும்பு அது. இடையிடையே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கின்றார். இம்மலர் அச்சுக்குப் போகும்வரை 361 படங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இரட்டைப் பின்னற் சிறுமி யாரென்று இன்னும் தெரியவில்லை. அவள் படத்தைப் பின்னட்டையில் இட்டிருக்கின்றோம். அறிந்தவர் எமக்கு எழுதுக.